பாய்லருக்குப் பயந்தவள்

பெரில் கிராஸ்லாண்ட் இருபத்தாறு வருஷம் பயப்படுவதற்காகச் சம்பளம் வாங்கியவள். பாட்லி ஊரின் ஆரம்பப் பள்ளி வாசலில், கணுக்கால் வரை தொங்கும் மஞ்சள் கோட்டும், நுனியில் வட்டப் பலகை வைத்த நீளக் கம்புமாக, காலையிலும் மாலையிலும் நின்று பிள்ளைகளைச் சாலையைத் தாண்ட வைப்பது அவள் வேலை. கம்பின் உருவத்தை வைத்துப் பிள்ளைகள் அவளை லாலிபாப் மிஸ் என்று கூப்பிட்டார்கள். தாய்மார்கள் பேசிக்கொண்டே வருவார்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டே வருவார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் நேரமாகிவிட்டது என்ற நினைப்பிலேயே வருவார்கள். யாருக்கும் பயமில்லை. அத்தனை பேருக்கும் சேர்த்து ஒருத்தி பயந்தாள்.

வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் கழித்து, ஒரு நவம்பர் காலையில் அது நடந்தது. சூரியன் தாழ்ந்து மேட்டுக்கு எதிரே, அவள் முதுகுப் பக்கம் நின்றது. மேட்டிலிருந்து இறங்கி வந்த ரொட்டி வண்டியின் முன்கண்ணாடி முழுக்க வெளிச்சமாகத் தகதகத்தது. உள்ளே ஆள் இருக்கிறானா என்றே தெரியவில்லை. வண்டி மெதுவாகத்தான் வந்தது, நின்றுவிடும் என்று நினைத்து அவள் ஒரு காலைத் தார்ச்சாலையில் வைத்துவிட்டாள். பின்னால் ஐந்து பிள்ளைகள். வண்டி நிற்கவில்லை. கம்பின் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போய் முக்கில் நின்றது. ஓட்டியவன் இறங்கி வந்து, சத்தியமாக உங்களைப் பார்க்கவே இல்லை என்று அழுதான்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் ஒரு விதி வைத்துக்கொண்டாள். வண்டியைப் பார்க்கக் கூடாது, ஓட்டுகிறவனின் கண்ணைப் பார்க்க வேண்டும். கண் தெரியாவிட்டால் யாரும் சாலையில் இறங்கக் கூடாது. மழை நாட்களில் பிள்ளைகள் வரிசையாக நனைந்துகொண்டு நிற்பார்கள், பள்ளி மணி அடித்துவிடும், தாய்மார்கள் முணுமுணுப்பார்கள். பெரில் அசைய மாட்டாள். ஓய்வு பெற்ற நாளில் தலைமை ஆசிரியர் ஒரு கேக் வெட்டினார். கம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கோட்டை யாரும் கேட்கவில்லை.

வேலை போனது, பயம் போகவில்லை. அது அவளோடு நடந்து வீட்டுக்கு வந்து, சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

பயப்படுவதற்கு வீட்டில் கணவன் நெவில் இருந்தான். நூற்பாலையில் பொறி பழுதுபார்த்தவன். நாற்பது வருஷப் பஞ்சுத் தூசியும் அதற்கு இணையான சிகரெட்டும் அவன் நுரையீரலைக் கந்தலாக்கியிருந்தன. போன குளிர்காலத்தில் மூன்று நாள் சளி, பிறகு இருபது நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பெண் பெரிலைத் தனியே கூப்பிட்டு, "வீடு எப்பவும் கதகதப்பா இருக்கணும்மா. இன்னொரு தடவை குளிர் இறங்கிச்சுன்னா அவர் தாங்கறது கஷ்டம்" என்றாள்.

அந்தச் சொல்லைப் பெரில் சட்டம் போல எடுத்துக்கொண்டாள். அக்டோபரில் வீட்டின் ஒவ்வொரு இடுக்கையும் அடைத்தாள். ஜன்னல் ஓரங்களுக்குப் பஞ்சுநாடா, கதவடிக்கு மணல் அடைத்த துணிப்பாம்பு. பின்கட்டில் நெவில் நல்ல உடம்போடு இருந்த காலத்தில் இறக்கிய ஒரு சாய்ப்பு இருந்தது. மழையில் துணி காயப்போட வேண்டுமென்று அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அப்படி ஒன்று உண்டு. பிளாஸ்டிக் தகட்டுக் கூரை, இரண்டு பக்கம் பலகை. மூன்றாவது பக்கத்தை நெவில் திறந்தே விட்டிருந்தான். அந்தப் பக்கமாகத்தான் காற்று வந்து சமையலறைக் கதவை முட்டியது. பெரில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு வாங்கி, ஏணி போட்டு ஏறி, அந்தப் பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை ஆணியும் ஒட்டுநாடாவுமாக மூடிவிட்டாள். காற்று நின்றது. துணி காய மட்டும் நாளாயிற்று. அதற்காகச் சாய்ப்புக்குள் திறக்கும் சமையலறை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தாள்.

ஜனவரி பிறந்ததும் பாய்லர் நின்றது.

சமையலறைச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டி அது. உள்ளே எரிவாயு எரியும், வெந்நீர் குழாய்களில் ஓடி ஒவ்வொரு அறையின் ரேடியேட்டரையும் சூடாக்கும். ஒரு காலையில் பெட்டிக்குள் ஒரு விம்மல், பிறகு அமைதி, ஒரு சிவப்பு விளக்கு. பெரில் பொத்தானை அழுத்தினாள். எரிந்தது. மூன்று நாள் கழித்து மறுபடி நின்றது, மறுபடி அழுத்தினாள். அதன் பிறகு அவள் காது எந்நேரமும் அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தது. உறுமல் நின்றால் அவள் மூச்சும் நின்றது. எப்போதும் லேசான தலைவலி. கவலையில்தான் என்று நினைத்தாள். நெவிலும் காலைச் சாயாவுக்குப் பிறகே தலை தொங்கிப்போய் தூங்கினான். குளிர்காலம், வயசு, நுரையீரல், காரணத்துக்கா பஞ்சம்?

ஒரு செவ்வாய்க்கிழமை, பாய்லருக்குக் காப்பீடு எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, மூன்று கம்பெனிகளின் காகிதங்களை மேஜையில் பரப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நின்றுபோனால் அன்றைக்கே ஒரு ஆள் வந்தாக வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றான் நெவில், தன் நாற்காலியிலிருந்து.

"நீ வாயை மூடிக்கிட்டு மூச்சு விடு."

"ரெண்டையும் ஒண்ணா செய்ய முடியாது. மூக்கு அடைச்சிருக்கு."

முதல் காகிதத்தில் ஒரு சின்ன எழுத்து வரி, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பாய்லர்களை ஏற்பதில்லை என்றது. அவர்களுடையதற்குப் பதினாறு நடக்கிறது.

"வயசானதுகளைச் சேத்துக்க மாட்டாங்களாம்" என்றாள்.

"நல்லவேளை, நீ என்னைக் கட்டிக்கிட்டப்ப அந்தக் காகிதத்தைப் படிக்கல."

இரண்டாவது காகிதம் விரிந்த மனசுக்காரக் கம்பெனியுடையது. பாய்லர், ரேடியேட்டர், குழாய், வருஷத்துக்கு ஒரு பராமரிப்பு, எல்லாம் உண்டு. ஆனால் முதலில் அவர்கள் ஆள் வந்து பார்ப்பான். அவன் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். மூன்றாவதில் ஆள் வருகிற பேச்சே இல்லை. தொலைபேசியில் சில கேள்விகள், அவ்வளவுதான். முதல் பதினான்கு நாள் பழுது என்று ஆளைக் கூப்பிடக் கூடாது. ஏற்கெனவே இருந்த பழுதுக்கு அவர்கள் பொறுப்பில்லை. சொன்ன பதில் பொய்யென்றால் காப்பீடே செல்லாது.

அந்த நேரத்தில் எதிர்வீட்டு வெண்டி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள், கையில் துணி மூடிய இறைச்சிப் பணியாரத் தட்டோடு. முப்பது வருஷமாக அவள் தட்டியதில்லை.

"அப்பாடி, என்னடி இது, பேக்கரி அடுப்பு மாதிரி இருக்கு உள்ள. ஜன்னலெல்லாம் அழுவுது பாரு." உண்மைதான், கண்ணாடிகளில் நீர் வழிந்துகொண்டிருந்தது. வெண்டி காகிதங்களை எட்டிப் பார்த்தாள். "இந்த ரெண்டாவது ஆளுங்கதானே? வேணாம்டி. ஆளை மட்டும் உள்ள விட்டுடாத. பதினாலாம் நம்பர் ட்ரெவருக்கு என்ன ஆச்சு? வந்தான், பாத்தான், ஆபத்து, தொடாதேன்னு செவப்புச் சீட்டை ஒட்டினான், எரிவாயுவை மூடினான், போயிட்டான். பிப்ரவரி மாசம். பதினோரு நாள் அந்த மனுஷன் பனிக்குல்லாயோட தூங்கினான்."

"ட்ரெவருக்குக் குல்லாய் அழகாத்தான் இருந்துச்சு" என்றான் நெவில்.

"உனக்குச் சவப்பெட்டி அழகா இருக்கும். பேசாம இரு" என்றாள் பெரில்.

வெண்டி சிரித்தாள். பெரில் சிரிக்கவில்லை. பதினோரு நாள் என்ற எண்ணிலேயே அவள் நின்றுவிட்டாள். போன வருஷம் மூன்று நாள் சளியே இருபது நாள் ஆஸ்பத்திரியானது. பதினோரு நாள் குளிர் என்ன ஆகும் என்று அவளுக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

வெண்டி போனதும் அவள் இரண்டாவது காகிதத்தை நான்காக மடித்து ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மூன்றாவதன் எண்ணை அழுத்தினாள்.

நெடுநேரம் பாட்டுக் கேட்டபின் ஒரு இளைஞனின் குரல் வந்தது, வேல்ஸ்காரப் பேச்சு. "வணக்கம்மா, என் பேரு ரீஸ். உங்க வீட்டுப் பாய்லரைப் பத்திச் சில கேள்வி கேட்கலாமா?"

"கேளுப்பா."

"வயசு?"

"எழுபது."

"பாய்லருக்கும்மா."

"பதினாறு."

"இப்ப ஓடிக்கிட்டிருக்கா?"

"ஓடுது." பொய்யில்லை. அந்த நிமிஷம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சமீபத்துல பழுது எதுவும்?"

பெரில் நெவிலைப் பார்த்தாள். அவன் தலை மறுபடியும் மார்பில் சாய்ந்திருந்தது. பேசிக்கொண்டிருந்தவன் எப்போது தூங்கினான்? "இல்லைப்பா" என்றாள். இந்த முறை பொய்தான்.

"சரி. புகைக்குழாயோட வாய் வெளியில, திறந்த காத்துல இருக்குதாம்மா? அதை உங்களால பாக்க முடியுதா?"

"வெளியிலதான் போகுது."

"பாக்க முடியுதா?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான், எழுதி வைத்த கேள்வியை வாசிக்கிற குரலில். பெரில் "ஒரு நிமிஷம் இருப்பா" என்று தொலைபேசியை மேஜையில் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தாள்.

சாய்ப்புக்குள் காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக, வாய்க்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. கொடியில் போர்வைகள். அவற்றை விலக்கி, பாய்லரின் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளிவரும் இடத்துக்குப் போனாள். குழாயின் வாயைக் காணவில்லை. அவள் அடித்த பிளாஸ்டிக் விரிப்பின் மடிப்பு காற்றில்லாமல் தொய்ந்து அதன் முன்னே தொங்கியது. விரிப்பின் உட்புறம் முத்து முத்தாக நீர். பலகையில் முன்பு இல்லாத பழுப்புக் கறை.

அவளுக்கு எரிவாயு பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தகதகக்கும் ஒரு முன்கண்ணாடிக்கு எதிரே ஒரு காலைத் தாரில் வைத்து நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியும். உள்ளே ஆள் இருக்கிறானா என்று தெரியாத வண்டி. அவள் கால் அப்படியே நின்றது.

அப்போதுதான் அந்த மணி நினைவுக்கு வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் தீயணைப்புக்காரர்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு எச்சரிக்கை மணி கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்று கூரையில், ஒன்று சமையலறை அலமாரியில். ரொட்டி கருகினால் கூரை மணி கத்தும். தெருவே செய்வது போல அவளும் வாசற்கதவைத் திறந்து துண்டால் விசிறுவாள், நின்றுவிடும். போன நவம்பரில் ஒரு நாள் அலமாரி மணி கத்தியது. ரொட்டி எதுவும் கருகவில்லை. ஆனாலும் கதவைத் திறந்தாள், விசிறினாள், நின்றது. மறுநாளும் கத்தியது. நெவிலின் தூக்கம் கெடுகிறது, பேட்டரி கெட்டிருக்கும் என்று அதை எடுத்துத் துண்டில் சுற்றி, மாடி அலமாரியில் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். இரண்டும் புகைக்குத்தான் என்று நினைத்திருந்தாள்.

மாடி ஏறினாள். பாதிப் படியில் தலை சுற்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துண்டைப் பிரித்தபோது அந்த வெள்ளை வில்லையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பேட்டரி கெடவே இல்லை. பின்புறத்தில் எழுதியிருந்ததை இப்போதுதான் முதல் தடவையாகப் படித்தாள். நிறமில்லாத, மணமில்லாத நச்சுவாயு. தலைவலி, மயக்கம், தூக்கம்.

கீழே வந்து அதைச் சாய்ப்புக்குள் துணிக் கூடையின் மேல் வைத்தாள். சமையலறை வாசலில் நின்றாள். கத்தாதே, கத்தாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். கத்தாவிட்டால் எல்லாம் பழையபடி. கத்தினால் குளிர். மேஜையில் தொலைபேசியிலிருந்து "அம்மா? இருக்கீங்களா?" என்ற சின்னக் குரல் வந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் இரண்டு சுற்று முடித்து மூன்றாவதில் போனபோது மணி கத்தியது. நான்கு கத்தல், ஒரு இடைவெளி, நான்கு கத்தல்.

தொலைபேசியை எடுத்தாள். "இல்லப்பா. என்னால பாக்க முடியல" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பாய்லரை அவளே அணைத்தாள். எந்தப் பெட்டி நின்றுவிடக் கூடாது என்று இத்தனை நாள் பயந்தாளோ அதன் கடைசி உறுமல் அடங்குவதைக் கேட்டாள். பிறகு நெவிலின் தோளை உலுக்கினாள். அவன் கண் திறக்கவில்லை. மறுபடி உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். முகம் நல்ல சிவப்பாக, ஆரோக்கியமாக இருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து ஒரு வாரமாக அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

"நெவில். எழுந்திரு. நெவில்."

"...கருகிடுச்சா?" என்றான், நாக்குக் குழற.

"வெளிய போகணும். எழுந்திரு."

"பைத்தியமா உனக்கு? வெளிய பனி."

"தெரியும்."

அவன் கோட்டைத் தேட நேரமில்லை. மாடிப்படிக்குக் கீழே ஆணியில் தொங்கிய மஞ்சள் கோட்டை இழுத்து அவன் மேல் மாட்டினாள். மழையும் காற்றும் இருபத்தாறு வருஷம் புகாத கோட்டு. தன் கம்பளித் துண்டால் அவன் வாயையும் மூக்கையும் கட்டினாள். கையை அவன் அக்குளில் கொடுத்துத் தூக்கினாள். வாசற்கதவைத் திறந்தபோது குளிர் முகத்தில் அறைந்தது. டாக்டர் பெண்ணின் குரல் காதுக்குள் கேட்டது. அவனைக் கொல்லப் போகிறேன், உள்ளே வைத்திருந்தாலும் கொல்வேன், வெளியே கொண்டுபோனாலும் கொல்வேன் என்று நினைத்துக்கொண்டே நடைபாதையில் இறங்கினாள்.

தெருவில் ஒரு வேன் வந்தது. அவள் வலது கையை உயர்த்திக் காட்டி, ஓட்டியவனின் கண்ணைப் பார்த்து, அவன் தன்னைப் பார்த்தது தெரிந்ததும், கணவனைத் தாருக்கு இறக்கினாள். இருபது அடித் தெரு. நெவில் நான்கு முறை நின்றான். வேன்காரன் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தான்.

"மிஸ்" என்றான் நெவில் துண்டுக்குள்ளிருந்து, மூச்சு விசிலடிக்க. "என் கையைப் பிடிச்சுக்கோங்க மிஸ்."

"பேசாத. நட."

வெண்டி கதவைத் திறந்து இருவரையும் பார்த்தாள். தன் அடுப்படி நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெரில் அவள் தொலைபேசியில் அவசர உதவியைக் கூப்பிட்டாள்.

எரிவாயு அவசரப் பிரிவிலிருந்து வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், பெயர் நசீமா. அளவுக்கருவியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவள் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு வெளியே வந்தாள். எரிவாயுவை மூடினாள். பாய்லரில் சிவப்புச் சீட்டை ஒட்டினாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வெண்டியின் சமையலறையில் இருவருக்கும் மூக்கில் பிராணவாயுக் குழாய் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பிளாஸ்டிக்கை யாரும்மா அடிச்சது?" என்றாள் நசீமா.

"நான்தான்" என்றான் நெவில் உடனே.

"இவரால ஒரு ஆணியைத் தூக்க முடியாது" என்றாள் பெரில். "நான்தான் அடிச்சேன். குளிருக்குப் பயந்து."

நசீமா திட்டவில்லை. அது பெரிலுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "பாய்லர் விட்ட புகையையே அது திரும்ப இழுத்து எரிஞ்சிருக்கு. அதான் அப்பப்போ அணைஞ்சிருக்கு" என்றாள். "ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்தினீங்களா?"

"அழுத்தினேன்."

நசீமா எதையோ எழுதிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, ஒரு நாள் வைத்திருந்து, அனுப்பினார்கள். பிறகு ஒன்பது நாள் அவர்கள் வீடு குளிர்ந்து கிடந்தது. வெண்டியின் முன்னறையில் சோபாவை விரித்து நெவிலைப் படுக்க வைத்தார்கள். பெரில் அவன் மூச்சை எண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்காம் நாள் அவனுக்குச் சளி பிடித்தது. அவள் சாப்பிடவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல், டாக்டர் பெண் வந்து மருந்தை மாற்றினாள். எட்டாம் நாள் காய்ச்சல் இறங்கி, வெண்டியின் பணியாரத்தில் உப்புக் குறைவு என்று அவன் சொன்னான். வெண்டி அவனைத் துண்டால் அடித்தாள். பெரில் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். தலைவலி போயிருந்தது. அது எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் வெண்டியின் மருமகன் சாய்ப்பை அடியோடு பிரித்துப் போட்டிருந்தான். எரிவாயு ஆட்கள் பாய்லரைத் திறந்து, கரி படிந்த பாகங்களை மாற்றிச் சுத்தம் செய்து, புகைக்குழாயில் புது முனை வைத்து, சிவப்புச் சீட்டைக் கிழித்தார்கள். பெட்டி மறுபடி உறுமியது.

மறுநாள் காலை பெரில் ரொட்டி டப்பாவுக்கு அடியிலிருந்து இரண்டாவது காகிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, அந்த எண்ணை அழுத்தினாள். ஆள் எப்போது வருவான் என்றுதான் முதலில் கேட்டாள். வியாழக்கிழமை வருவான் என்றது ஒரு பெண் குரல். "அவன் வேணாம்னு சொல்லிட்டா? செவப்புச் சீட்டு ஒட்டிட்டா?" என்று கேட்டாள். அப்படி ஒட்டினால் காரணத்தை எழுதிக் கொடுப்பான், சரி செய்தபின் மறுபடி வருவான் என்றது குரல். அந்தப் பதினோரு நாள் இன்னும் பெரிலை விட்டுப் போயிருக்கவில்லை. "வரட்டும்" என்றாள்.

"சில விவரம் மட்டும் இப்பவே எழுதிக்கறேன்மா. புகைக்குழாயோட வாய் எங்க இருக்கு?"

"ஒரு நிமிஷம் இருங்க."

தொலைபேசியோடு பின்கதவைத் திறந்து, கம்பளிச் செருப்போடு முற்றத்தில் இறங்கினாள். உறைபனி நொறுங்கியது. கூரையில்லாத சுவரில் குழாயின் வாய் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வெள்ளாவி புறப்பட்டு, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்கு மேலே போய்க் கரைந்தது. உள்ளே நெவில் ஜன்னலைத் தட்டி, குளிரில் நிற்காதே, வா என்று சைகை காட்டினான். அவள் அவனையும் பார்த்தாள், குழாயையும் பார்த்தாள்.

"அம்மா? பாக்க முடியுதா?"

"முடியுது" என்றாள். "எழுதிக்கோங்க. பாத்துக்கிட்டுத்தான் நிக்கறேன்."